நீ குடிக்காத சாயத்தண்ணீர்

என் மகனுக்கு உன் நைனா எழுதுவது.

போன வாரம் நீ எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. உனக்குப் பார்த்திருக்கிற ஐயம்பேட்டைப் பெண்ணின் மாமா பெங்களூருக்கே வந்து உன்னைப் பார்த்ததாகவும், தொழிற்சாலை கேண்டீனில் அவருக்கு நீ காப்பி வாங்கிக் கொடுத்ததாகவும், பேச்சுவாக்கில் சின்ன வயதில் பெரிய நோய் ஏதாவது வந்ததுண்டா என்று அவர் கேட்டதாகவும் எழுதியிருந்தாய். அதற்கு நீ, "நோயெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, அஞ்சு வயசுல எங்க நைனாவோட சாய அண்டாவுல வாய வச்சிட்டு ஒரு மாசத்துக்கு மேல ஆஸ்பத்திரியில கெடந்தேன், அவ்வளவுதான்" என்று சொன்னாயாம். அவரும் சிரித்தாராம். எனக்கும் சிரிப்பு வரும் என்று நினைத்துத்தான் இதை எழுதியிருக்கிறாய். நான் அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் சுற்றினேன். நாலாம் நாள் ஐயம்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். அங்கே நடந்ததைக் கடைசியில் எழுதுகிறேன். அதற்குள் கடைசித் தாளுக்குத் தாவிவிடாதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நீ சாயத்தண்ணீர் குடிக்கவில்லை. ஒரு சொட்டும் குடிக்கவில்லை. கல்யாணம், காதுகுத்து என்று நாலு பேர் கூடுகிற இடத்திலெல்லாம் உன் மாமன் "இன்னாடா அரக்கு, இன்னும் செவப்பாத்தான் போறியா" என்று உன்னை வம்புக்கு இழுப்பானே, நீயும் அவனோடு சேர்ந்து சிரிப்பாயே, அந்தக் கதை முழுக்க நான் கட்டியது. பதினெட்டு வருஷமாக அதைக் கட்டிக்காத்து வந்திருக்கிறேன். உனக்கு வந்தது சிறுநீரகத்தில் வந்த நோய். உன் மேல் ஒரு தப்பும் இல்லை. தப்பு யார் மேல் என்பதை எழுதத்தான் இத்தனை தாளை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது எனக்கு முப்பது வயது. பட்டு நூலுக்குச் சாயம் போடுவதில் என் கண்ணுக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது. சேலைக் கடைக்காரர்கள் பழைய முந்தானைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டி, இதே நிறம் வேண்டும் என்பார்கள். வெளிச்சத்தில் ஒரு தரம் பிடித்துப் பார்ப்பேன், அவ்வளவுதான். மறுநாள் நூலைக் காயவைத்து அந்தத் துண்டைப் பக்கத்தில் வைத்தால் எது பழசு எது புதுசு என்று அவர்களே திணறுவார்கள். அரக்கு என்று ஊர் ஒரே பெயரில் சொல்கிற சிவப்பில் எனக்கு ஏழெட்டுச் சிவப்பு தெரியும். இதனால் எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. நான் பார்த்துச் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நூல் விஷயத்தில் ஆரம்பித்த நம்பிக்கை, வீட்டு விஷயம், மனிதர்கள் விஷயம் எல்லாவற்றுக்கும் பரவிவிட்டது. கோபமும் கூடவே வளர்ந்தது. உன் அம்மா அப்போதெல்லாம் என்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்வதற்கு முன்னால் அண்டாவில் அன்று சாயம் சரியாக ஏறியதா என்று விசாரித்துக்கொள்வாள்.

வைகாசி மாசம் அது. உன் தங்கை பிறந்து பன்னிரண்டு நாள். உன் அம்மா உள் அறையை விட்டு வரக்கூடாது என்பதால் உன்னைப் பட்டறைக்கு என்னோடு கூட்டிப்போனேன். உன் கால் இரண்டிலும் சிரங்கு வந்து, காய்ந்து, பொருக்குத் தட்டிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சிரங்குதான், யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. பட்டறைக்குப் பின்னால் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர். நீ அதன் ஓரமாக ஒன்றுக்குப் போனாய். சுவரில் சிவப்பாக இறங்கியது. அன்று அண்டாவில் அரக்குச் சாயம் கொதித்துக்கொண்டிருந்தது. அதற்கு முந்தின மாசம்தான் நீ நூல் அலசுகிற தொட்டியில் கையை விட்டு முழங்கை வரைக்கும் பச்சையாக வந்து நின்றாய். அண்டாப் பக்கம் போனால் காலை ஒடிப்பேன் என்று சொல்லியும் வைத்திருந்தேன். சுவரைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன்.

"அண்டாவுல மொண்டு குடிச்சியா?"

"இல்ல நைனா."

நூலைப் புரட்டுகிற மூங்கில் கழி என் கையில் இருந்தது. கணுக்காலுக்கு மேல் ஒரு அடி. மறுபடி கேட்டேன். மறுபடி இல்லை என்றாய். பொய் வேறு சொல்கிறாயா என்று இரண்டாவது அடி கொஞ்சம் பலமாகவே விழுந்தது. மூன்றாவது தடவை கழியை ஓங்கியதும், "குடிச்சேன்" என்றாய். எவ்வளவு என்று கேட்டேன். "ஒரு டம்ளரு" என்றாய். நான் கழியைக் கீழே போட்டேன். பிள்ளையின் பொய்யை உடைத்து உண்மையை வரவழைத்துவிட்டோம் என்று எனக்கு அப்போது ஒரு திருப்தி வந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அந்தத் திருப்தியை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

மறுநாள் உன்னைப் பட்டறைக்குக் கூட்டிப்போகவில்லை. நானும் போகவில்லை. மோரும் இளநீரும் கொடுத்துக்கொண்டு உன்னைக் கண் முன்னாலேயே உட்கார வைத்திருந்தேன். சாயங்காலமும் சிவப்பாகவே போனாய். அப்போதுதான் நான் சரியாகப் பார்த்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். அது என் அரக்கு இல்லை. என் அரக்கில் உள்ளுக்குள் ஒரு நீலம் ஓடும். இதில் பழுப்பு இருந்தது, கறி கழுவின தண்ணீரின் கலங்கல் இருந்தது. வேறு எவனாவது இந்த நிறத்தைக் காட்டி உன் சாயம் என்று சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். ஆனால் நான் தீர்ப்பும் சொல்லித் தண்டனையும் கொடுத்து முடித்திருந்தேன். வயிற்றுக்குள் போய் நிறம் மாறியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் காலையில் உன் கண் இமை வீங்கியிருந்தது. ராத்திரி அழுதிருப்பான் என்று விட்டுவிட்டேன். மத்தியானத்துக்குள் கண்ணைத் திறக்கவே முடியாமல், முகம் உப்பி, நீ யாருடைய பிள்ளையோ மாதிரி ஆகிவிட்டாய். குதிரை வண்டி பிடித்தேன்.

அந்த ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே இருந்தவர்கள் யாரும் தப்புச் செய்யவில்லை. டாக்டர் சின்ன வயதுக்காரர், பொறுமையானவர். என்னை விட்டுவிட்டு உன்னிடம்தான் குனிந்து, என்ன ஆச்சு என்று கேட்டார். நீ பதில் சொல்வதற்கு முன்னால் வீங்கிய கண்ணை இடுக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாய். பிறகு, "சாயத்தண்ணி குடிச்சேன்" என்றாய். நானும் தலையை ஆட்டினேன். அப்பனும் பிள்ளையும் ஒரே குரலில் சொன்னால் அவர் என்ன செய்வார்? சாயத்தில் என்னென்ன கலக்கிறேன் என்று கேட்டு எழுதிக்கொண்டார். நிறையத் தண்ணீர் குடிக்கக் கொடுங்கள், உள்ளே போனது கழுவிக்கொண்டு வெளியே வந்துவிடும் என்றார். கையில் ஊசி குத்தி மருந்துத் தண்ணீரும் ஏற்றினார்கள். உனக்கும் தாகம். நான் டம்ளர் டம்ளராக நீட்டினேன், நீ மடமடவென்று குடித்தாய். குடிக்கக் குடிக்க உன் தலையைத் தடவிக் கொடுத்தேன். குடித்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உனக்குள்ளேயே தேங்குகிறது என்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு வந்த மூன்றாம் நாள் காலையில் உனக்கு மூச்சு இரைத்தது. பிறகு கண் மேலே சொருகி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. என் பிள்ளை போய்விட்டான் என்றே நினைத்தேன்.

அங்கே வயதான நர்சம்மா ஒருத்தி இருந்தாள். ஓடிவந்து ஊசி போட்டு வலிப்பை நிறுத்தியவள் அவள்தான். போர்வையை விலக்கி உன் காலைப் பார்த்தாள். பொருக்குகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். உன் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து ஸ்பிரிட் விளக்கில் காட்டினாள். அது பால் திரிந்ததைப் போல வெள்ளை வெள்ளையாகத் திரிந்தது. சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால்தான் அப்படித் திரியும் என்று பிறகு சொன்னார்கள். அவள் குழாயை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"இவன் சாயம் குடிச்சத நீ பாத்தியாபா?"

"அவனே சொன்னாம்மா."

"அவன் சொன்னது இருக்கட்டும். நீ பாத்தியா?"

"இல்ல."

"சரி, நீ செத்த வெளிய நில்லு."

மத்தியானத்துக்கு மேல் உனக்கு நினைவு தெளிந்திருந்தது. நான் வெளியே போகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் மறைப்பாகக் கட்டியிருந்த பச்சைத் துணிக்குப் பின்னால் நின்றேன். நர்சம்மா உன்னிடம், சாயத்தண்ணீர் எப்படி இருந்தது, இனித்ததா கசந்ததா என்று கேட்டாள். நீ சுற்றிலும் பார்த்தாய்.

"நைனா எங்க?"

"இங்க இல்ல கண்ணு. வெளிய போயிட்டாரு."

"எனக்குத் தெரியாது. நான் குடிக்கல."

"குடிச்சேன்னு சொன்னியே?"

"குடிச்சேன்னு சொன்னா நைனா அடிக்கல."

அந்தத் துணிக்குப் பின்னால் நின்ற அந்த நிமிஷத்திலிருந்து நான் இன்னும் வெளியே வரவில்லை. ஓடிவிடலாம் போல இருந்தது. எங்கே ஓடுவது? வீட்டில் பச்சை உடம்புக்காரி, பட்டறையில் பாதி நனைந்த நூல், கட்டிலில் நீ. நர்சம்மா துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். நான் அங்கேயே நிற்பதைப் பார்த்தாள். நேராக டாக்டரைக் கூப்பிடப் போனாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சிரங்கிலிருந்து சிறுநீரகத்துக்கு நோய் இறங்கியிருக்கிறது என்றார் டாக்டர். அன்றிலிருந்து எல்லாம் தலைகீழாக மாறியது. உப்பு கிடையாது. கட்டிலை விட்டு இறங்கக்கூடாது. பென்சிலின் ஊசி. தண்ணீர் நாளைக்கு இத்தனை அவுன்ஸ் என்று கண்ணாடி அளவையில் அளந்துதான். முதல் நாள் சிறுநீர் எவ்வளவு வந்ததோ அதைப் பார்த்து மறுநாள் தண்ணீரை அளப்பார்கள். வெளியே கத்திரி வெயில் முடிந்தும் முடியாமல் கொளுத்திக்கொண்டிருந்தது. குழந்தைகள் வார்டில் துணைக்குப் பெண்கள்தான் இருக்கலாம் என்பது அவர்கள் சட்டம். உன் அம்மா வரமுடியாது என்பதால் நர்சம்மா சொல்லி என்னை விட்டார்கள். பதினாலு கட்டில், பதினாலு பிள்ளைகள், பதிமூன்று அம்மாக்கள், நான் ஒருத்தன். அவர்கள் குழந்தைக்குப் பால் கொடுக்கிறபோதெல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காருவேன். அந்தச் சுவரில் இருந்த ஒவ்வொரு வெடிப்பும் எனக்கு மனப்பாடம். ஒரு நாள் கடைக்காரரின் ஆள் வந்து ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்றான். பாதி நூலுக்கு நான் போட்ட சாயம், மீதிக்கு வேறு ஆள் போட்டது, இரண்டும் ஒத்துவருகிறதா என்று பார்த்துச் சொல்லச் சொல்லி இரண்டு நூல் சிட்டங்களைக் கம்பி வழியாக நீட்டினான். நான் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அதைவிடக் கஷ்டம் உன் கணக்குதான். சாயத்தண்ணீர் குடித்தேன் என்று சொன்னபோது எல்லோரும் உனக்குக் கேட்டதற்கு மேல் தண்ணீர் கொடுத்தார்கள். குடிக்கவில்லை என்று உண்மையைச் சொன்னாய், அன்றோடு தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதிலிருந்து என்ன புரியுமோ அதுதான் உனக்கும் புரிந்தது. நர்சம்மா பக்கத்தில் வரும்போதெல்லாம், "நான் குடிச்சேன்மா, ஒரு டம்ளரு குடிச்சேன்" என்று ஆரம்பித்தாய். டாக்டரிடம் இரண்டு டம்ளர் என்றாய். தண்ணீர் வரவில்லை என்றதும் மூன்றாக ஏற்றினாய். பக்கத்துக் கட்டிலில் திருப்புட்குழியிலிருந்து வந்த ஒரு பெண், மஞ்சள் காமாலை வந்த தன் மகளோடு இருந்தாள். பயிர் வேலை செய்கிறவள், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள். "இன்னா மனுசன்யா நீ, புள்ள நாக்கு ஒட்டிக்கினு கத்துது, ஒரு வாய் ஊத்தினா ஒன் சொத்தா போயிடும்?" என்று கேட்டாள். அவளுக்கு விளக்கிச் சொல்ல ஆரம்பித்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கருட சேவை அன்று காலையில் நடந்ததை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன். வெளியே நாதஸ்வரமும் கூட்டத்தின் சத்தமும் கேட்டது. சாமி ஆஸ்பத்திரித் தெரு முனையைக் கடக்கும் என்று, தூக்கிப்போக முடிந்த பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாக்கள் எல்லோரும் வெளி வராந்தாவுக்குப் போய்விட்டார்கள். ஆயாவும் போய்விட்டாள். வார்டில் மிச்சமிருந்தது நீயும் நானும்தான், அசந்து தூங்குகிற குழந்தைகள் இரண்டைத் தவிர. நாலு எட்டில் மண்பானை. அதன் மேல் டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. நீ என் விரலைப் பிடித்தாய்.

"இப்ப யாரும் இல்ல நைனா. நீ குடு."

"டாக்டரு கூடாதுன்னாரு கண்ணு."

"நான் சாயத்தண்ணி குடிச்சேன் நைனா. நெசமாத்தான்."

"நீ குடிக்கல. எனக்குத் தெரியும்."

 போர்வையை நீயே விலக்கிவிட்டு, வீங்கின இரண்டு காலையும் என் பக்கமாக நகர்த்தி வைத்தாய்.

"அடிச்சிக்கோ. அடிச்சிட்டு அப்புறம் குடு."

என் அப்பன் இறந்தபோதுகூட நான் அப்படி அழுததில்லை. பானைக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்று அழுதேன். ஒரு வாய் கொடுத்துவிடலாம், ஒரு வாயில் என்ன ஆகிவிடும் என்று நூறு தடவை தோன்றியது. பானை வரைக்கும் போனேன், டம்ளரை நிமிர்த்தினேன். வலிப்பில் சொருகிய உன் கண் ஞாபகம் வந்தது. டம்ளரைப் பழையபடி கவிழ்த்தேன். நான் பானைப் பக்கம் போனபோது உன் முகம் எப்படி ஆனது, வெறுங்கையோடு திரும்பியபோது எப்படி ஆனது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. நீ காலை உள்ளே இழுத்துப் போர்வையை மூடிக்கொண்டாய். அதற்கப்புறம் நீ என்னிடம் தண்ணீர் கேட்டதே இல்லை. கொடுக்கிற அவுன்ஸை வாங்கிக் குடிப்பாய், அவ்வளவுதான். நல்ல பிள்ளை, படுத்துவதே இல்லை என்று எல்லோரும் உன்னைப் புகழ்ந்தார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

மெதுவாக வீக்கம் வடிந்தது. சிறுநீரைக் காலையில் பாட்டிலில் பிடித்து ஜன்னலோரம் வைப்பார்கள். நான் அதை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். பழுப்பு குறைந்து, தேநீராகி, ஐந்தாவது வாரம் வைக்கோல் நிறத்துக்கு வந்தது. இதற்கிடையில் உன் அம்மாவுக்கு வெளியே வரும் நாள் வந்து, ஒரு சாயங்காலம் தங்கையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஓடிவந்தாள். ஒரு கட்டிலுக்கு ஒருவர்தான் என்று உள்ளே விடவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழந்தை பெற்றவள் பயந்துவிடக்கூடாது என்று, சாயத்தண்ணீர் குடித்துவிட்டான், ஒன்றுமில்லை என்று நான்தான் வண்டிக்காரனிடம் முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தேன். அவள் அதையே நம்பிக்கொண்டு, "இனிமே அந்த அண்டாப் பக்கம் போவியாடா?" என்று உன்னைக் கேட்டாள். நர்சம்மா அப்போது பக்கத்தில்தான் இருந்தாள். நீ என்னைப் பார்த்தாய். அவளும் என்னைப் பார்த்தாள். அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. "போவ மாட்டேம்மா" என்று நீ சொன்னாய். அடித்ததுகூட ஆத்திரத்தில் செய்தது. இதை நிதானமாக இருக்கும்போது செய்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் அதே கதையைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், உனக்கு அரக்கு என்று பெயர் வைத்தார்கள். சின்னப் பிள்ளைக்கு எத்தனை நாள் ஞாபகம் நிற்கும்? இரண்டு வருஷத்தில் நீயே அதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாய். உனக்கு எட்டு வயது இருக்கும்போது பட்டறை வாசலில் உன் கூட்டாளிகள் இரண்டு பேரிடம், "நான் சாயமே குடிச்சிருக்கேன் தெரியுமா, உப்பா இருந்திச்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். உள்ளே நூலைப் புரட்டிக்கொண்டிருந்த எனக்குக் கை ஓடவில்லை. குடிக்காத சாயத்துக்கு நீ ருசியும் கண்டுபிடித்துவிட்டாய். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது? ஒவ்வொரு வருஷமும் போன வருஷமே சொல்லியிருக்கலாம் என்று தோன்றும். டாக்டர் வருஷத்துக்கு ஒரு தடவை உன் சிறுநீரைச் சோதிக்கச் சொல்லியிருந்தார். இரண்டு வருஷம் கூட்டிப்போனேன். சாயம் குடித்ததற்கு இன்னும் எதற்கு டாக்டரிடம் என்று உன் அம்மா கேட்டாள். பதில் இல்லாததால் அதையும் விட்டுவிட்டேன். இது அடித்ததையும்விடப் பெரிய குற்றம் என்று எனக்குத் தெரியும்.

இப்போது ஐயம்பேட்டை. நீ அந்த மாமாவிடம் சொன்னது என் பொய். கல்யாணத்துக்குப் பெண் கொடுக்கிறவர்கள் நோய் உண்டா என்று கேட்கிறார்கள், என் பிள்ளை தனக்கே தெரியாமல், நோய் இல்லை என்கிறான். இதற்கு மேல் என்னால் முடியவில்லை. பெண்ணின் அப்பாவிடம் கழி முதல் கருட சேவை வரைக்கும் ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத்தனை நாளு கழிச்சி எதுக்குங்க இதெல்லாம்" என்றார். கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். பெண் உள்ளே கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஆசிரியர் பயிற்சி முடித்தவள் என்றுதான் உனக்குத் தெரியுமே. வெளியே வந்து என் எதிரிலேயே உட்கார்ந்தாள்.

"அவருக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"அவரப் பத்தின விஷயம் அவருக்கு முன்னாடி எங்களுக்கு எப்பிடித் தெரியலாம்? மொதல்ல அவருக்குச் சொல்லுங்க. ஒடம்ப டாக்டர்கிட்ட காட்டிட்டு, என்ன செய்யலாம்னு அவரே எழுதட்டும். அதுவரைக்கும் எங்க வீட்டுல யாரும் எதுவும் முடிவு பண்ண மாட்டாங்க."

அவள் அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் நிறுத்திவிட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடமும் சொன்னேன். அவள் அழவில்லை, கத்தவில்லை. இரண்டு நாளாகச் சோற்றைப் போட்டு என் முன்னால் வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள். என்னோடு பேச்சில்லை. எனக்கு அது சரிதான்.

நீ செய்ய வேண்டியது முதலில் இதுதான். இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளே லீவு போட்டுவிட்டு ஒரு நல்ல டாக்டரிடம் போ. ஐந்து வயதில் சிரங்கினால் சிறுநீரகத்தில் நோய் வந்தது, முகம் வீங்கியது, ஒரு தடவை வலிப்பு வந்தது, சிறுநீர் சிவப்பாக மூன்று வாரத்துக்கு மேல் போயிற்று என்று சொல். இரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல். குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் முழுக்கத் தேறிவிடும் என்று அந்த டாக்டர் அப்போது சொன்னார். நீ நன்றாக ஓடியாடி வளர்ந்ததால் தேறியிருக்கும் என்றுதான் நானும் நம்புகிறேன். ஆனால் பார்த்துச் சொல்கிற வேலையை நான் விட்டுவிட்டேன், டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

என்னை மன்னித்துவிடு என்று எழுதி இரண்டு தடவை அடித்தேன். அதை எழுதினால், நீ மன்னித்தேன் என்று சொல்லியே ஆக வேண்டும். அப்பன் எதிரில் நிற்கும்போது நீ எப்படிப் பதில் சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை. என் மேல் கோபம் வந்தால் கோபப்படு. கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடாதே என்று தோன்றினால் அதையும் சொல். எதைச் சொன்னாலும் நான் உன் அப்பன்தான், அது மாறாது.

அந்தப் பெண்ணுக்கு நீ எழுதுகிற கடிதத்தைத் தனி உறையில் போட்டு ஒட்டி எனக்கு அனுப்பு. தபால்காரன் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர்கள் தெருவில் நாலு பேர் பேசுவார்கள், நானே பஸ் ஏறிப்போய் அவள் கையில் கொடுக்கிறேன். பிரிக்க மாட்டேன். நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று அவளிடமும் கேட்க மாட்டேன். உன் பதிலை நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு தடவை போதும்.